மலைக்கு ஒரு சீசன் டிக்கெட்!

'சேலத்துலயே ரூம் எடுக்கலாமே?'ன்னு கேக்குற ஃப்ரெண்ட்ஸே... ஒருநாள் எங்க ராசிபுரத்துக்கு வாங்க! 30 கி.மீ.க்குள்ளதான். பஸ் இருக்கு, 2013-லிருந்து ரயிலும் ஓடுது. மல்லூர் தாண்டினா காத்தே மாறும். சேகோ ஃபேக்டரியோட புளிச்ச வாடை மூக்கைத் தொட்டா, ஊர் வந்தாச்சுன்னு அர்த்தம். களத்துல மரவள்ளி மாவு வெள்ளைவெளேர்னு காயும். பக்கத்துலயே போதமலை. ஞாயிறானா பைக்குல காரவள்ளி போய், 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா கொல்லிமலை!

கஷ்டம் இல்லாமலா? தினமும் ரெண்டு மணி நேரம் பஸ்ஸுலயே போயிடும். ஸ்பெஷல் கிளாஸ்ல பாதியில எழுந்து ஓடணும். ஆனா, படிப்பு முடிஞ்சா வேலை எப்படியும் பெங்களூருக்கோ சென்னைக்கோ இழுத்துட்டுப் போயிடும். மொட்டை மாடியில நின்னு மலை பாக்குறது இன்னும் ரெண்டே வருஷம். ரூமை அப்புறம் பாத்துக்கலாம் பாஸ்!