லுங்கி கட்டி வந்த பி.டி.க்கு

அன்புள்ள பி.டி.,

உன்னை முதலில் பார்த்தது வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்து மைதானத்தில். நீலகிரிக் குளிரில் வெள்ளை பனியனும் நிக்கருமாக நாங்கள் நடுங்கிக்கொண்டு நிற்போம்; பயிற்சி தரும் உஸ்தாத் விசில் ஊதினால், உடற்பயிற்சியாகிய நீ வந்துவிடுவாய். முதுகில் சுமை, கையில் துப்பாக்கி, 5 கிலோமீட்டர் ஓட்டம். அப்போதே உன்மேல் பிரியம் வைத்திருந்தேன் என்றால் பொய். ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். உன்னைக் கண்டு பயந்தேன் என்று அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

பி.டி., பென்ஷன் வந்த பிறகு நாம் பிரிந்தோம். பனிமலைக் கூடாரத்தில் புகாரி அடுப்பு கக்கிய மண்ணெண்ணெய்க் கரியும், குளிருக்குப் பற்றவைத்த பீடியும் பிற்பாடு வந்து கணக்குக் கேட்டன. டாக்டர் ‘சி.ஓ.பி.டி.’ என்று எழுதிக் கொடுத்தார்; நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சு வாங்கியதால் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால் கால் சதை வற்றியது. சதை வற்றியதால் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும்விட என்னைக் கூச வைத்தது குளியலறைதான். சொம்பைத் தலைக்கு மேல் தூக்கினால் கண் இருட்டும். கழுத்தும் தோளும் அதுவரை மூச்சுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தன. கையைத் தூக்கியதும் மூச்சை விட்டுவிட்டுக் கையைத் தாங்கப் போய்விட்டன. “ஏங்க, ஸ்டூல் போட்டு உக்காந்தே குளிங்களேன்” என்றாள் வீட்டுக்காரி. சொந்தக்காரர்களும் ‘அசையாம இருங்க’ கட்சிதான். அவர்களைக் குறை சொல்வானேன்? டென்வர் மருத்துவர் சார்லஸ் டெனிசன் நுரையீரல் நோயாளிக்கு உடற்பயிற்சி வேண்டும் என்று 1895இலேயே புத்தகம் எழுதியிருந்தும், அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் டாக்டர்களே அந்தக் கட்சியில்தான் இருந்தார்கள்.

பி.டி., அப்படி இருந்தவன் வீட்டுக்கு நீயே வந்தாய். இந்த முறை விசில் இல்லை, நிக்கர் இல்லை. என்னைப் போலவே லுங்கி கட்டிக்கொண்டு வந்தாய். அழைத்து வந்தவர் என் மகள் வயதுள்ள பிசியோதெரபிஸ்ட். “ஐயா, இதுக்கு மெஷின் எதுவும் வேணாம்” என்று சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துச் சுவரோடு சாய்த்துப் போட்டார். கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். குதிகாலைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, உதட்டைக் குவித்து ஊதியபடியே எழ வேண்டும். மூக்கால் இழுத்தபடி உட்கார வேண்டும். சிரமமான பக்கத்தில் எப்போதும் மூச்சு வெளியே. பிறகு வாசல் படியில் ஒரு கால் ஏற்றி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தோள் உயரம் தூக்குவது. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடை. இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று உள்ளுக்குள் சிரித்தேன். முதல் நாற்காலிச் சுற்றிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. இதே மாதிரி மெல்போர்னிலும் நோயாளியின் வீட்டுக்கு ஒருமுறை வந்து சொல்லிக்கொடுத்து, பிறகு வாராவாரம் போனில் மட்டும் விசாரித்து, அதை ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுப் பயிற்சி சளைத்ததில்லை என்று 2017இல் முடிவு வந்தது.

பி.டி., நீ என்னிடம் பொய் சொல்லாததற்காகவே தனியாக ஒரு நன்றி. போன நுரையீரல் போனதுதான். அதை நீ திருப்பித் தரவில்லை, தருவேன் என்றும் சொல்லவில்லை. நீ தந்தது கால்கள். பழகாத தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அதைச் சமாளிக்க உடம்பு கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியே தள்ள வேண்டும். அந்தச் செலவும் மூச்சின் தலையில்தான் விழும். பழகிய தசை அதே வேலையைக் குறைந்த மூச்சில் முடித்துவிடுகிறது. சொம்பு இப்போது தலைக்கு மேல் போகிறது. ஸ்டூலில் வீட்டுக்காரி துளசித்தொட்டி வைத்திருக்கிறாள்.

பி.டி., மூச்சு விடவும் நீதான் கற்றுத் தந்தாய். எனக்குக் காற்று உள்ளே போவதில் அவ்வளவு தகராறு இல்லை, வெளியே வருவதில்தான். பழைய காற்று முழுக்க வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்து முட்டும், மார்பு பானையாக உப்பிக்கொள்ளும். இரண்டு எண்ணிக்கை இழு, நாலு எண்ணிக்கை ஊது என்றாய். மார்ச் பாஸ்டில் ஊறிய காலுக்கு எண்ணிக்கை சொல்லித் தரவா வேண்டும்?

பி.டி., ‘போதும்’ என்று சொல்லும் உரிமையையும் எனக்கே கொடுத்தாய். மைதானத்தில் அது உஸ்தாதின் சொத்து. இப்போது ஸ்வீடன்காரர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் கையில் இருக்கிறது: மூச்சுத் திணறலுக்கு 0 முதல் 10 வரை மார்க். 3, 4 வந்தால் சரியான வேலை. ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது எனக்கு டாக்டர் போட்ட கோடு. மார்பு வலித்தால் அன்றைக்கு லீவு, நேரே டாக்டர். சிப்பாய்க்குக் கோடு தாண்டாமல் நிற்கத் தெரியும்.

பி.டி., இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரக்கில் என் குறட்டைக்கு பூட்ஸ் பறந்து வரும். அது வெறும் குறட்டை இல்லை, தூக்கத்தில் மூச்சே நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தவள் வீட்டுக்காரி. எடின்பரோ மருத்துவர் ஃபிளென்லி 1985இல் சி.ஓ.பி.டி.யும் இந்தத் தூக்க மூச்சடைப்பும் ஒரே ஆளிடம் சேர்வதைத் தனியாகக் கவனிக்கச் சொன்னார். சேர்ந்தால் இரவில் ஆக்சிஜன் இன்னும் ஆழமாக இறங்கும். எனவே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டை மூடாமல் காக்கும் சி-பேப் முகமூடி போட்டுக்கொள்கிறேன். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் கண்ட வழி அது. அதன் இடத்தை நீ பிடிக்கப் பார்த்ததே இல்லை. முகமூடி தந்த தூக்கத்தால் காலையில் உன்னோடு எழுந்து நிற்கிறேன். பதிலுக்கு நீயும் ஒரு கை கொடுக்கிறாய்: பகலெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் காலில் தேங்கும் நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்குமாம், நடந்தால் அது குறையும். டிஜெரிடூ என்கிற ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழலை ஊதினாலே தூக்க மூச்சடைப்பு தணிந்தது என்று 2006இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நாதஸ்வரத்துக்கும் யாராவது இப்படிச் செய்து பார்த்தார்களா என்று தெரியாததில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

பி.டி., கடைசியாக ஒரு சிபாரிசு. பாஸ்டனில் இதே நோய்கொண்ட முன்னாள் வீரர்களிடம் அடி எண்ணும் பெடோமீட்டர் கொடுத்து, வீட்டிலிருந்தே நடையைக் கூட்ட வைத்திருக்கிறார்கள். நம்மூரில் அப்படிப்பட்டவர்களைப் பார்க்க ராணுவக் கேன்டீன் வரிசைதான் இடம். போன மாதம் அங்கே என் பழைய செக்‌ஷன் ஆள் ஒருவன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்து நின்றான். அந்த நிற்பு எனக்குத் தெரியும். முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லி, பிறகு உன் பேரைச் சொல்லியிருக்கிறேன். வருவான். ரோஷக்காரன், ஆரம்பத்திலேயே 5 கிலோமீட்டர் கேட்பான். நாற்காலியிலிருந்து ஆரம்பி. இன்ஹேலர் எடுத்தானா என்று கேள். ரகடா என்கிற தண்டனை டிரில் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய ஜவான்