இனி யாருக்காக?

ஆலயத்தில் ஆடையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது கண்டிப்பாகவே எழுகிறது. இளையோர் இறுக்கமாக உடுத்துகிறார்கள், மணப்பெண்ணின் ரவிக்கை சரியில்லை, அரைக்கால் சட்டையோடு திருப்பலிக்கு வரலாமா என்று அறிவிப்புப் பலகையிலும் மறையுரையிலும் சொல்லித் தீர்க்கிறோம். ஐம்பதைத் தொட்டவர்களிடம் மட்டும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. குறை காண இடமில்லாதபடி அவர்கள் மங்கி நிற்கிறார்கள். அந்த மங்கலையே பக்தி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வீடு சந்திக்கச் செல்லுமிடங்களில், "இனி யாருக்காக சாமி உடுத்தணும்?" என்று தாய்மார் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆண்கள் கேட்பதுகூட இல்லை. மகன் கழித்துப்போட்ட சட்டையை, தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கிக் கிடக்க, மாட்டிக்கொண்டு ஞாயிறு திருப்பலிக்கு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, மகளின் திருமணச் சேமிப்பு எல்லாம் போக எஞ்சியதில் தமக்கென்று ஒரு துணி எடுப்பது அவர்களுக்குத் திருட்டைப் போலத் தோன்றுகிறது. இந்தத் துறவில் பாதி அன்பு, பாதி சோர்வு. அந்த அன்பின்முன் தலைவணங்குகிறோம். சோர்வைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறோம்.

விவிலியத்தில் மனிதருக்கென்று ஆடை செய்து உடுத்திய முதல் கை கடவுளின் கைதான். அத்தியிலைகளைத் தைத்து உடல் மறைத்துக்கொண்ட ஆதாமையும் ஏவாளையும் தோட்டத்தைவிட்டு வெளியேற்றுமுன், அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்தினார் என்கிறது தொடக்கநூல். தண்டனை பெற்றுப் போகிறவர்களுக்கு இலை போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. ஊதாரி மகன் தான் எண்ணிவந்ததை முழுவதும் சொல்லி முடிக்குமுன்பே, முதல்தரமான ஆடையைக் கொண்டுவரச் சொல்கிறார் தந்தை. காட்டு மலர்களைக் கவனிக்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை, ஆடையைப் பற்றி எண்ணவே கூடாது என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. கவலைப்பட வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். சாலமோனைவிட அந்த மலர் அழகாய் உடுத்தியிருப்பதை உற்றுப் பார்க்காமலா சொல்லியிருப்பார்? அதே அதிகாரத்தில்தான், நோன்பிருப்போர் வாடிய முகத்தோடு திரிய வேண்டாம், தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். நோன்பு நாளுக்கே இந்த ஒழுங்கு என்றால் மற்ற நாள்களுக்கு என்ன சொல்வது!

புனித பிரான்சிசு சலேசியார் துறவிகளுக்காக அன்றி இல்லறத்தாருக்காக எழுதி 1609இல் வெளியிட்ட பக்திவாழ்வு நூலில் ஆடைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். கூடியிருப்போருள் பக்தியுள்ளவரே மிக நன்றாக உடுத்தியிருக்க வேண்டும், பகட்டும் செயற்கையும் அவரிடமே மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வயது முதிர்ந்தோர் இளமை வேடம் பூணுவதை அவர் நகையாடவும் தயங்கவில்லை. தலைமுடிக்குக் கரிய சாயமும் மார்பில் ஆங்கில எழுத்துகள் கொட்டிய பனியனுமாக வந்து நிற்கும் நம் நண்பர்கள் சிலரை அவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ தெரியவில்லை.

நன்றாக உடுத்தப் பணம் வேண்டுமே என்பீர்கள். மதுரையில் விளக்குத்தூணைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களில் ஆடி மாதத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால், நம்மவர்க்குக் குறைவது பணத்தைவிடப் பொறுமையே என்று படுகிறது. நிறத்தைப் பார்க்கிறார்கள், தள்ளுபடியைப் பார்க்கிறார்கள், உடம்பில் அது எப்படி நிற்கும் என்பதைப் பார்ப்பதில்லை. நடுவயதில் ஆணுக்கு வயிறு வளர்கிறது, தோள் வளர்வதில்லை. வயிற்றுக்கு ஏற்ற ஆயத்தச் சட்டையை வாங்கினால் தோள் தொங்குகிறது. தோள் தையல் தோளெலும்பின் முனையில் வந்து நின்றால்தான் சட்டை சட்டையாகத் தெரியும். அது தவறினால் திருத்துவது கடினம். ஆகவே இந்த வயதினருக்கு வெட்டுத்துணிக் கடையில் நல்ல பருத்தித் துணியாக எடுத்து, அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதே பெரும்பாலும் சிக்கனம். துணியைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தைக்கக் கொடுக்குமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்திவிட்டால் பிறகு சுருங்காது. பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரற்கடைத் துணி விட்டுத் தைக்கச் சொன்னால், உடம்பு மாறும்போது ஆடையும் மாறிக்கொள்ளும்.

இவையெல்லாம் நாம் கற்றது திருமலை நாயக்கரின் புதுமண்டபத்தில் தூண்களுக்கிடையே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த தையற்காரர் ஒருவரிடம். அங்கிருந்த கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அளவு எடுக்கையில் அவர் வயிற்றை உள்ளிழுக்க விடமாட்டார். "உள்ளதை உள்ளபடி காட்டுங்க, அப்பத்தான் சட்டை காப்பாத்தும்" என்பார். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருவோரிடம் நாம் சொல்வதும் ஏறத்தாழ அதுவே.

வேட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இடுப்பின் அளவைக் கேட்காத கண்ணியமான ஆடை அது. நாலு முழமோ எட்டு முழமோ, இருபது வயதில் கட்டியதை அறுபதிலும் கட்டலாம். கஞ்சி போட்டு, பெட்டி போட்டு, கரை நேராக விழக் கட்டிய பருத்தி வேட்டிக்கு நிகரான மிடுக்கை எந்தக் காற்சட்டையும் நடுவயதுக்குத் தருவதில்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தியதும், எதிரில் நிற்பவரை மதிப்பதற்கு ஆடையும் ஒரு மொழி என்று அறிந்ததனால்தான். குருக்களாகிய நமக்குக் கிடைத்த வெள்ளை அங்கி இக்கவலைகள் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, வயிறு உட்பட. அந்தச் சலுகை இல்லறத்தாருக்கு இல்லை.

மலிவைத் தேடி ஓடுவதையும் நம்மால் முழுமனத்தோடு பாராட்ட முடியவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காள தேசத்தின் டாக்கா நகருக்கருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்ததில், ஆடை தைத்துக்கொண்டிருந்த 1100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேலைநாட்டுக் கடைத்தெருக்களில் மலிவாக விற்கப்படும் ஆடைகள் அங்கே தைக்கப்பட்டன. அடுத்த வாரம், மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளில், அம்மக்களுக்குக் கிடைத்த கூலியைச் சுட்டி அது அடிமை வேலை என்றார் திருத்தந்தை பிரான்சிசு. பத்துச் சலவைக்குள் நைந்துபோகும் மூன்று சட்டைகளைவிட மூன்றாண்டு உழைக்கும் ஒரு சட்டை நமக்கும் நல்லது, அதைத் தைத்தவருக்கும் நல்லதாக இருக்க வாய்ப்புண்டு. கிறிஸ்துமசுக்கு வட்டிக்கு வாங்கிக் குடும்பத்துக்கே பட்டு எடுத்துவிட்டுத் தவக்காலம் முழுவதும் வட்டி கட்டும் வீடுகளைப் பற்றி விரித்து எழுத விருப்பமில்லை. அது வேறொரு நோய்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி நம்மைக் காண வந்தார். பள்ளி ஆசிரியை, ஐம்பத்து நான்கு வயது, கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளுக்குத் திருமண ஒப்பந்தம்.

"கடுகு நிறத்துல, அரக்குக் கரை போட்ட சுங்குடி ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன் சாமி. கட்டவா வேண்டாமான்னு தெரியல. அன்பியத்துல பேச்சாயிடுச்சு."

"என்ன பேச்சு, டீச்சர்?"

"இந்த வயசுல, இந்த நிலையில, இவளுக்கு இது தேவையான்னு."

பட்டின் விலையில் சிறு பங்குதான் அந்தச் சுங்குடிக்கு. முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் மதுரைப் பருத்திச் சேலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் விலையைப் பற்றிய பேச்சன்று அது. கைம்பெண் இன்ன நிறம்தான் உடுத்த வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதிலும் இல்லை. அதை எழுதியது ஊர். திருமுழுக்கில் வெண்ணாடை போர்த்தி, கிறிஸ்துவை அணிந்துகொண்டாய் என்று நாம் வாழ்த்திய ஒருத்தியை, கணவர் இறந்த நாளில் வேறொரு வெள்ளைக்குள் தள்ளி ஊர் கதவடைக்கிறது. அன்பியத்தில் விவிலியம் வாசித்து முடித்த வாயோடு அந்தப் பேச்சைப் பேசினார்கள் என்பதே நமக்கு வலித்தது.

யூதித்து நூலின் பத்தாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னோம். யூதித்தும் கைம்பெண். சாக்கு உடையைக் களைந்து, கைம்மைக்கோலம் நீக்கி, குளித்து, நறுமணத் தைலம் பூசி, விழாக்கால ஆடை உடுத்திக்கொண்டார். பகைவனை வீழ்த்தவே அவ்வாறு செய்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அவர் உடுத்தியது, கணவர் மனாசே உயிரோடிருந்த காலத்தில் அணிந்த ஆடை என்று அந்நூல் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது. அத்தனை ஆண்டுத் துக்கத்திலும் அதை அவர் எறிந்துவிடவில்லை.

ஒப்பந்தத்தன்று செபிக்கச் சென்றோம். டீச்சர் கடுகு நிறச் சுங்குடியில்தான் நின்றிருந்தார். முன்வரிசையில் இருந்த இரண்டொருவர் முகம் திருப்பியதையும் கண்டோம். விருந்து முடிந்து விடைபெறும்போது அவர் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: ரவிக்கை புதிதாகத் தைக்கவில்லையாம். கணவர் எடுத்துக் கொடுத்த பழைய அரக்குப் பட்டு ரவிக்கை. கை நுழையாமல் பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்தது. தையற்காரர் உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து இரண்டு விரற்கடை தளர்த்திக் கொடுத்தாராம். கூலி நாற்பது ரூபாய்.