ரிச்சி தெருவில் ராம நாமம்

சென்னைப் பட்டணத்தில் எந்தக் கோவில் சந்நிதியிலும் கேட்க முடியாத அளவு ராம நாமத்தை ஒரு கடைத்தெருவில் கேட்கலாம் என்றால் நேயர்கள் நம்புவார்களோ, என்னவோ! மவுண்ட் ரோடு என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வரும் ரிச்சி தெருதான் அது. "ராம் இருக்கிறதா?" "ராம் என்ன விலை?" "எந்த ராம் வேண்டும், சார்?" என்று காலை முதல் இருட்டும் வரை ஒரே கோஷம். பக்தி காரணமன்று. கம்ப்யூட்டரின் நினைவகத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சுருக்கப் பெயர் அவ்விதம் அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்துக் கம்ப்யூட்டர்கள் உண்டு. நம் சென்னை ஸி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்தான் அவற்றில் ஓடுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் சுதேசிப் பெருமை. ஆனால் ஒவ்வொன்றிலும் இருந்த நினைவகமோ 2 ஜி.பி. மட்டுமே. இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திறந்தால் யந்திரம் மூச்சு வாங்கும். செய்முறை வகுப்பின் நாற்பது நிமிஷத்தில் பதினைந்து நிமிஷம் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும். பழைய மாணாக்கர்கள் சேர்ந்து ரூ. 8,000 அனுப்பினார்கள். அதை எடுத்துக்கொண்டு 2026 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை செங்கற்பட்டில் ரயில் ஏறினேன்.

இது என் முதல் யாத்திரையன்று. 2019-ல் இதே தெருவில் மலிவு விலைக்கு மயங்கி, ரசீது வாங்காமல், நான்கு ராம் வாங்கிச் சென்றேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. திரும்பப் போய்க் கேட்டபோது, "இது எங்கள் கடைச் சரக்கே இல்லை" என்றார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். பள்ளிக்கூடப் பணமாதலால் என் சம்பளத்திலிருந்து ஈடு கட்டினேன். வீட்டில் அந்த மாதம் நடந்த சம்பாஷணையையும் இங்கே எழுதப் போவதில்லை.

எழும்பூரில் என் பழைய மாணாக்கன் ஒருவன் காத்திருந்தான். யந்திரம் பழுது பார்ப்பது அவன் ஜீவனம். இருவரும் நடந்தே போனோம். வழியில் புதுப்பேட்டை: பழைய மோட்டார் வண்டிகளை எலும்பு எலும்பாகப் பிரித்து விற்கும் இடம். கூவத்தைத் தாண்டியதும், அதே தொழிலைக் கம்ப்யூட்டருக்குச் செய்யும் சந்துகள் ஆரம்பமாகின்றன. நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் ரிச்சி தெருவோடு பின்னிக் கிடக்கின்றன. ஆள் அகலத்துக்கு ஒரு கடை, அதன் வாசலில் இன்னொரு கடை, அந்தக் கடையின் படிக்கட்டில் மூன்றாவது கடை! தலைக்குமேலே கருங்கொடிகள் போல் மின்கம்பிகள்.

சிந்தாதிரிப்பேட்டை தோன்றிய வரலாறு சிலருக்கு நினைவிருக்கலாம். 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் ஏற்றுமதித் துணிக்காக நெசவாளரைக் குடியேற்றிய ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை. அன்று இங்கே நெய்த துணி கப்பல் ஏறிச் சென்றது. இன்று இங்கே விற்கும் ராம் ஒவ்வொன்றிலும் உள்ள சில்லு கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்குகிறது. உலகத்து நினைவகச் சில்லுகளில் பெரும்பங்கைச் செய்பவை மூன்றே கம்பெனிகள்: கொரியாவின் ஸாம்ஸங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். குஜராத்தில் ஸாணந்தில் தொழிற்சாலை அமைப்பதாக மைக்ரான் 2023-ல் அறிவித்தது உண்மை. ஆயினும் அது சில்லுகளைப் பொதிந்து சோதிப்பதற்கே. சில்லை ஆக்கும் வேலை வெளிநாட்டில்தான்.

இதன் பலனைத் தெருவில் கால் வைத்ததுமே கண்டேன். 2025-ன் பிற்பகுதியில், செயற்கை அறிவுக்கென்று எழுப்பும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்களுக்காகக் கம்பெனிகள் தங்கள் உற்பத்தியைத் திருப்பிவிட்டன. எங்கேயோ யாரோ செய்த அந்தத் தீர்மானம் ரிச்சி தெருவில் விலைச்சீட்டாகத் தொங்குகிறது! புது ராம் விலை கேட்டு நான் திகைத்து நின்றேன். "சார், நம் யந்திரங்கள் பழையவை. டி.டி.ஆர். 3 வகை. அதில் கைமாறிய சரக்குதான் நமக்குக் கட்டும்" என்றான் பையன். பழசுக்கும் ஓரளவு அந்த ஜுரம் தொற்றியிருந்தது.

நடைபாதையில் ஒருவர் ரூ. 400 என்றார், ரசீது கிடையாது. இன்னொருவர் 16 ஜி.பி. ஸ்டிக்கை நம்ப முடியாத மலிவில் நீட்டினார். என் கை சபலப்பட்டது. பையன் காதருகே, "அது ஸர்வர் யந்திரத்தில் கழற்றியது, சார். நம் மேஜைக் கம்ப்யூட்டரில் உயிர் வராது" என்றான். வேறொரு கடையில் பளபளக்கும் உறையில் 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று அச்சிட்டிருந்தது. யாருடைய ஆயுள் என்று கேட்க வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு மாடிக் கடை. அறுபது வயசு மதிக்கத்தக்க பெரியவர். மேஜைமீது மூடியில்லாத கம்ப்யூட்டர் ஒன்று, வாங்க வந்தவர் எதிரிலேயே சோதிப்பதற்காகத் திறந்து கிடந்தது. சட்டைப் பையிலிருந்து எங்கள் பள்ளி ராம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கோணல் படிப்பு வாங்கின பாடம் இது. அதன் கீழ்விளிம்பிலுள்ள வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் தொடுமுனைகள் 240-தான். ஆனால் வெட்டு சற்றுத் தள்ளியிருப்பதால் ஒன்று மற்றதன் குழியில் இறங்காது.

"எத்தனை வேண்டும், ஐயா?"

"பத்து யந்திரத்துக்கும் ஜோடி ஜோடியாக, 4 ஜி.பி.யில் இருபது."

"இருக்கிற 2 ஜி.பி.யை ஏன் எறிகிறீர்கள்? காலியாக இருக்கும் குழியில் ஒரு 4 ஜி.பி. போடுங்கள். மொத்தம் 6. பிள்ளைகளுக்குப் போதும். வேகம் வேறாக இருந்தால் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் ஓடும், வேறு தொல்லையில்லை." பிறகு சற்று யோசித்து, "பள்ளிக்கூடத்து மூலையில் செத்துப்போன கம்ப்யூட்டர் ஏதாவது கிடக்கிறதா?" என்றார்.

மூன்று கிடந்தன. ஆய்வுக்கூட உதவியாளருக்கு டெலிபோன் செய்தேன். அவர் மூடியைக் கழற்றி ஒட்டுச்சீட்டுகளைப் படித்துச் சொன்னார். இரண்டில் எங்களுக்குப் பொருந்தும் 2 ஜி.பி. ராம், மூன்றாவது டி.டி.ஆர். 2, உதவாது. ஆக, இரண்டு யந்திரங்களுக்குச் செலவில்லாமல் 4 ஜி.பி. ஆயிற்று. வாங்க வேண்டியவை எட்டு. ரசீதுடன், ஒரு மாதத்துக்குள் கெட்டால் மாற்றித் தருவதாக எழுதி, ஒன்று ரூ. 600. நடைபாதை விலையைவிட இருநூறு அதிகம். நான் பேரம் பேசவில்லை. ரூ. 4,800 எண்ணிக் கொடுத்தேன். எட்டையும் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாய்ப் பொருத்திக் காட்டினார்.

ரயிலில் பையன் ஒரு விஷயம் விளக்கினான். 1966-ல் ஐ.பி.எம். கம்பெனியில் ராபர்ட் டென்னார்ட் என்பவர் கண்ட உபாயம் இது: ஒரு டிரான்ஸிஸ்டர், மின்சாரத்தைத் தேக்க ஒரு சிறு கிண்ணம், அதுவே ஓர் எழுத்தின் ஒரு துளி. கிண்ணமோ ஓட்டை. வினாடிக்குப் பல தடவை நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம் நிற்கும். இப்படிக் கோடிக்கணக்கான ஓட்டைக் கிண்ணங்களில் ஒன்று இற்றுப்போனால், ஐந்து நிமிஷச் சோதனையில் அது அகப்படாமலும் போகலாமாம்.

ஆகையால் திங்கட்கிழமை பள்ளியில் மெம்டெஸ்ட் என்னும் இலவசச் சோதனையை இரவெல்லாம் ஓடவிட்டோம். காலையில் ஏழு யந்திரங்களில் குறையில்லை. எட்டாவதன் திரையில் சிவப்பு வரிகள். என் வயிறு 2019-ஐ நினைத்துக்கொண்டது. ரசீதுடன் பையனிடம் அனுப்பினேன். பெரியவர் ரசீதை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறொன்றைச் சோதித்துக் கொடுத்து அனுப்பினாராம்.

மீதி ரூ. 3,200-ல் ரயில் கட்டணத்தைக்கூட எழுதாமல் அப்படியே தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தேன். செவ்வாய்க்கிழமை செய்முறை வகுப்பில், மணி அடித்து மூன்றாவது நிமிஷமே ஒரு சிறுமி கையைத் தூக்கி, "சார், திறந்துவிட்டது! என்ன செய்யணும்?" என்றாள். நான் அப்போதுதான் சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்தேன்.