மோட்டார் மெக்கானிக்கும் சுழலும் ஸ்பீக்கரும்

கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரரைக் கவனித்திருப்பீர்கள். வாசிப்பு உச்சத்துக்குப் போகும்போது நாயனத்தைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்புவார். நம் பக்கம் வரும்போது ஒரு சத்தம், அந்தப் பக்கம் போகும்போது வேறு சத்தம். ஒரே ஸ்வரம்தான், ஆனாலும் உயிரோடு அசைவதுபோல் இருக்கும். இதே வேலையை மரப்பெட்டிக்குள் மோட்டார் வைத்துச் செய்ய முடியும் என்பது எனக்கு 67 வயதில்தான் தெரிந்தது.

கோவையில் நாற்பது வருடம் மோட்டார் காயில் கட்டியவன் நான். போன வருடம் ஆறு மாதம் சிகாகோவில் மகள் வீட்டில் இருந்தேன். அந்தத் தெருமுனையில் கறுப்பின மக்களின் சின்ன தேவாலயம் ஒன்று உண்டு. ஞாயிறு காலை நடைப்பயிற்சிக்குப் போனால் பாட்டு வாசல்வரை கேட்கும். மூன்றாவது வாரம் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆர்கன் வாசித்தவர் 78 வயது அம்மா. கை அப்படி ஓடுகிறது. ஆனால் சத்தம் மட்டும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே நடுக்கம். குளிர் ஜுரத்தில் பேசுகிறவர் குரல் மாதிரி.

ஆராதனை முடிந்து பாராட்டப் போனேன். என் தொழிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “பிரதர், ஸ்பீக்கர் பெட்டியில் மெதுவான வேகம் செத்து இரண்டு வருடம் ஆகிறது. வேகமாக மட்டும்தான் சுற்றுகிறது. அடுத்த மாதம் கமிட்டி கூடி இதை விற்றுவிட்டு டிஜிட்டல் கீபோர்டு வாங்கப் போகிறார்கள். இது போனால் நானும் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன்” என்றார்.

மகளிடம் சொன்னேன். “அப்பா, ஊருக்கு வந்த இடத்துல அடுத்தவங்க சாமானைப் பிரிச்சுப் போட்டுராதீங்க” என்றாள். அந்த அம்மாவும் போதகரும் வீட்டுக்கே வந்து கேட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுக்க விட்டாள்.

அந்த ஆர்கன் பிறந்த ஊரே சிகாகோதான். லாரன்ஸ் ஹேமண்ட் என்பவர் முதலில் மின்சாரக் கடிகாரம் செய்தவர். கடிகாரத்தை ஓட்டிய அதே வகை சிங்க்ரனஸ் மோட்டாரை வைத்து 1935-ல் ஆர்கன் கொண்டுவந்தார். உள்ளே 91 பல்சக்கரங்கள் சுற்றும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காந்தம், ஒரு காயில். சக்கரத்தின் பல் கடக்கும்போதெல்லாம் காயிலில் மின்சாரம் துடிக்கும், அதுதான் ஸ்வரம். பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளுக்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது.

அமெரிக்கக் கரன்ட் 60 சைக்கிள், நம் ஊரில் 50. அங்கே செய்த ஆர்கனை அப்படியே இங்கே ஓட்டினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், சுருதியே ஏறக்குறைய மூன்று அரைஸ்வரம் இறங்கிவிடும். அதனால் 50 சைக்கிளுக்கென்று தனியாகவும் செய்தார்கள்.

இந்த ஆர்கனை வாங்கி வீட்டில் வைத்து, சத்தம் தட்டையாக இருக்கிறதே என்று ஏமாந்தவர்களில் ஒருவர் டான் லெஸ்லி. பெரிய மண்டபத்தில் பைப் ஆர்கன் கேட்டால் சத்தம் பல மூலைகளிலிருந்து நகர்ந்து வரும். அதைப் பிடிக்க, சத்தத்தையே சுற்றவிட்டார். ஹேமண்டிடம் காட்டினார், அவருக்குப் பிடிக்கவில்லை. 1940-களின் தொடக்கத்தில் லெஸ்லி தானே தயாரித்து விற்கத் தொடங்கினார். கடைசியில் ஹேமண்ட் ஆர்கன் என்றாலே லெஸ்லி பெட்டியும் சேர்த்துத்தான் என்று ஆகிவிட்டது. 1966-ல் பீட்டில்ஸ் குழுவினர் ஜான் லெனனின் குரலையே இந்தப் பெட்டி வழியாக அனுப்பிப் பதிவு செய்தார்கள்.

தேவாலயத்தில் இருந்தது 122 என்ற மாடல். நாற்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே உயரம், பீரோ மாதிரி மரப்பெட்டி. மேல்தட்டில் இரண்டு ஊதுகுழல்கள் சுற்றும். சத்தம் வருவது ஒன்றில்தான், மற்றது எடையைச் சமப்படுத்தும் டம்மி. கீழே 15 அங்குல ஸ்பீக்கர் தரையைப் பார்த்து நிற்கும். அதன் அடியில் ஒரு உருளை எதிர்த்திசையில் சுற்றும். குழல் நம்மை நோக்கி வரும்போது சுருதி லேசாக ஏறும், விலகும்போது இறங்கும். ஹாரன் அடித்தபடி நம்மைக் கடந்து போகும் ரயிலின் சத்தம் மாறுவதும் இதனால்தான்.

வேகமாகச் சுற்றினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று, மெதுவாக என்றால் 40 முதல் 50. மேலே இரண்டு மோட்டார், கீழே இரண்டு மோட்டார். மெது மோட்டாருக்குக் கரன்ட் வந்தால் அதன் ஷாஃப்ட் கொஞ்சம் நகரும். ரப்பர் வளையம் போட்ட சக்கரம் வேக மோட்டாரைப் பிடித்துச் சுற்றும். இங்கே பழைய ஆயில் பிசினாகக் காய்ந்து ஷாஃப்ட் நகரவே இல்லை. ரப்பர் வளையமும் கல்லாகிவிட்டது. வைண்டிங் நன்றாகவே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிசினைத் துடைத்து, பேரிங்கில் மெல்லிய ஆயில் சில சொட்டு விட்டு, புது வளையம் போட்டேன். பெல்ட்டை முறுக்காமல் விட்டேன். இறுக்கினால் பேரிங் தேயும். வால்வ் ஆம்ப்ளிஃபயரை மட்டும் நான் தொடவில்லை. பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைத் தூக்கிப் போடும் கரன்ட் தங்கியிருக்கும். அது தெரிந்தவர் வந்து பார்க்க வேண்டிய வேலை.

பெட்டி மெதுவாகச் சுற்றத் தொடங்கியதும் அந்த அம்மா ஒரு கார்டு பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் நல்ல நாதத்துக்கு மோட்டார் மட்டும் போதாது. மீதியை அவர் எனக்குக் கற்றுத் தந்தார்.

முதலில் இடம். பெட்டி மூலையில் சுவரோடு ஒட்டியிருந்தது. சத்தம் வரும் பலகை இடுக்குகளைத் திரை மறைத்திருந்தது, மேலே பூ ஜாடி. எல்லாவற்றையும் எடுத்து இரண்டடி முன்னால் நகர்த்தினோம். சுழலும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த அறையும் வாத்தியத்தில் பாதி.

அடுத்தது மைக். இடுக்கில் ஒட்டிய ஒரே மைக்கில் காற்று இரைச்சலும் விட்டுவிட்டு வெட்டும் சத்தமும்தான் வந்தன. மேல்தட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அடி தள்ளி ஆளுக்கொன்று, கீழே ஒன்று என்று மூன்று வைத்ததும் சத்தம் விரிந்தது.

மூன்றாவது அளவு. பெட்டியின் வால்யூமை, கால் பெடலை முழுதாக மிதித்தால் மட்டும் வால்வ் லேசாக உறுமும்படி வைக்க வேண்டும். எப்போதும் உறுமினால் கரகரப்பு, உறுமவே இல்லையென்றால் சப்பென்று இருக்கும். ஆர்கனில் இழுக்கும் கம்பிகள் ஒரு தொகுதிக்கு ஒன்பது. புதிதாக வாசிப்பவர்கள் ஒன்பதையும் இழுத்துவிடுவார்களாம். அவர் முதல் மூன்றை மட்டும் முழுதாக இழுத்துத் தொடங்குவார். மற்றவற்றைப் பாட்டு சூடேறும்போது ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். சமையலில் மசாலா போடுகிற கணக்குதான்.

எல்லாவற்றுக்கும் மேலே இடது கைப் பக்கம் இருக்கும் வேக சுவிட்ச். மெதுவிலிருந்து வேகத்துக்குத் தட்டினால் மேல்குழல் ஒரு விநாடி போல எடுத்துக்கொண்டு பறக்கும். கனமான கீழ் உருளை சில விநாடி பின்தங்கி வந்து சேரும். அழகு முழுக்க அந்த இடைவெளியில்தான். “ஜெபத்துக்கு மெதுவாக. சாட்சி சொல்பவர் அழுகிற இடத்தில் வேகமாக. அவர் மூச்சு விடும்போது மறுபடி மெதுவாக. நான் அவரோடு சேர்ந்து மூச்சு விடுகிறேன், பிரதர்” என்றார்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின ஞாயிறு அப்படித்தான் வாசித்தார். விற்கலாம் என்று சொன்ன இளைஞர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். பெட்டியை விற்பதில்லை என்று முடிவானது. கீபோர்டும் பிறகு வாங்கினார்கள், குழந்தைகள் பழகுவதற்காக.

போன மாதம் மகள் அனுப்பிய வீடியோவில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ஆர்கனில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மா பக்கத்தில் நின்று, சுவிட்சைத் தட்ட வேண்டிய நேரத்தில் அவள் தோளைத் தொடுகிறார். ரப்பர் வளையம் மறுபடியும் காயும். கூடுதலாக நான்கு வாங்கி, ஆயில் டப்பாவோடு ஆர்கன் பெஞ்சுக்குள் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.