திரை சொன்ன 90

விடுமுறையில் பழைய கார் ஒன்று வாங்கினோம். திரையில் ஆயில் ஆயுள் 90 விழுக்காடு எனக் கண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றோம். விளாங்குடி மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். தார்போல் திரண்ட ஆயில். அளவும் கீழ்க்கோட்டுக்குக் கீழே.

அக்கருவி ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1980களில் புகுத்திய முறை அது. எஞ்சினின் சுழற்சிகளையும் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடும். எஞ்சின் சூடேறுமுன் முடியும் குறும்பயணங்களுக்குக் கூடுதலாகக் கழிக்கும். (எமது ஓட்டமோ வீட்டிலிருந்து மதரஸா வரைதான்.) ஆயில் மாற்றியபின் கணக்கை 100க்குத் திருப்புவது மனிதக் கை. மாற்றாமலும் திருப்பலாம். விற்றவர் மறந்தாரா, மறைத்தாரா, அல்லாஹ்வே அறிவான்.

குறையை மறைத்து விற்பது பற்றி மாணவர்க்கு எத்தனை முறை பாடம் நடத்தியுள்ளோம்! பானெட்டைத் திறந்து பார்க்க எமக்குத் தோன்றவில்லை.

புது ஆயில் ஊற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினோம். நாளை எம்மிடம் வாங்குபவரும் படிக்கட்டும்.