பட்டையின் பூர்வீகம்

மணலியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொடியில், என் தகப்பனாரின் வேலைச் சட்டை மற்றத் துணிகளோடு சேராமல் எப்போதும் தனித்தே தொங்கும். மாதவரத்துப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷம் உழைத்த அவருடைய சட்டையிலும், நகக்கண்களிலும், குதிகால் வெடிப்பிலும் ஏறியிருந்த செம்பழுப்பு நிறம் எந்தச் சவுக்காரத்துக்கும் இளகாதது. "பட்டைக் கறைடா, போகாது. மலையிலேர்ந்து வர்ற பட்டை" என்பார். எந்த மலை என்று அந்நாளில் நான் கேட்டதில்லை. அவர் காலமான பிற்பாடு, கேட்காமல் விட்ட அக்கேள்வி என்னை உறுத்தத் தொடங்கிற்று. அந்தப் பட்டை எந்த மரத்தினுடையது, அம்மரம் எந்த மண்ணில் நின்றது, மரம் வருவதற்கு முன் அம்மண்ணில் என்ன இருந்தது என்பவற்றை அறிந்தாலன்றி, எங்களுக்குச் சோறு போட்ட தொழிலின் விருத்தாந்தத்தை அறிந்தவனாக மாட்டேன் என்று தோன்றிற்று.

முதலில் பெரியமேட்டுக்குப் போனேன். அரை நூற்றாண்டு தோல் வியாபாரம் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் என் விசாரணையைப் பொறுமையோடு கேட்டார். "அந்தக் காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தம்பி. ரெண்டும் நம்ம ஊர்ச் சரக்கு. அப்புறம் வாட்டில் வந்துச்சு. மொதல்ல கப்பல்ல வந்துச்சு, பின்னால ஊட்டியிலேர்ந்து லாரியில வந்துச்சு" என்றார்.

"கப்பலில் எங்கிருந்து வந்தது, பாய்?"

"ஆப்பிரிக்காவுலேர்ந்து. ஆனா மரத்துக்கு அதுவும் சொந்த ஊர் இல்லேம்பாங்க."

மரத்தின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா என்பதைக் கன்னிமாரா நூலகத்துப் பழைய புத்தகங்கள் எனக்குச் சொல்லின. உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயர், குளிருக்கு மூட்டிய நெருப்பில் அருகிலிருந்த சோலைக்காடுகள் கரைந்து போகவே, விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் வாட்டிலையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். மலை ஜனங்கள் முன்னதைச் சீகை என்றும் பின்னதைக் கற்பூர மரம் என்றும் தம் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். சீகையின் பட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தோலைப் பதனிட உதவும் துவர்ப்புச் சத்து உண்டு. அதற்காகவே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்தில் அதைப் பெருந்தோட்டங்களாக வளர்த்தார்கள். நிறபேதக் கொள்கையைக் கண்டித்து 1946இல் இந்தியா அந்நாட்டோடு வர்த்தக உறவை முறித்துக்கொண்டது. சுதந்திரம் வந்தபின், அன்னியச் செலாவணி ஒவ்வொரு காசும் எண்ணப்பட்ட அந்நாளில், 1948இல் அடையாற்றில் தோல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிலையம் தோன்றிய அந்தக் காலத்தில், நம் பட்டையை நம் மலையிலேயே விளைவிப்போம் என்று நினைத்தவர்களின் தேசபக்தியை நான் சந்தேகிக்கவில்லை. பட்டை தோல் ஷாப்புகளுக்கு வந்தது. மரம் சிறுமுகை ரேயான் ஆலைக்குப் போயிற்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் குன்று குன்றாகச் சீகை ஏறிற்று.

அந்தக் குன்றுகளில் அதற்கு முன் இருந்தது புல். ஆங்கிலேய நிர்வாகம் அப்புல்வெளிகளைத் தரிசு என்று எழுதிவைத்தது. சுதந்திர இந்தியாவின் உத்தியோகஸ்தர்களும் அச்சொல்லைத் திருத்தவில்லை. பழனி மலைகளில் மட்டும் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்டக்காடாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் நிரூபித்திருக்கிறார்கள்.

இதற்குமேல் புத்தகத்தில் தேடுவதில் பயனில்லையென்று நீலகிரிக்குப் பிரயாணமானேன். பள்ளத்தாக்குகளில் சோலையும் மேடுகளில் புல்லுமாக இறைவன் வகுத்த அந்த நிலத்தில், ஒரு சரிவு முழுவதும் சீகையின் இருளாகவும் எதிர்ச்சரிவு முழுவதும் காற்றில் அசையும் புல்லாகவும் இருந்த ஓரிடத்தில் நின்றபோதுதான், என் தகப்பனாரின் சட்டைக் கறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை உணர்ந்தேன். சீகைக்கடியில் வரையாடு மேயாது. நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டாது. மழைநீரைத் தன் வேர்ச்செறிவில் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடையாகக் கசியவிடும் தொழிலைச் செய்தது அந்தப் புல்தான். அவ்வோடைகள் பவானியாகிக் காவிரியில் கலக்கின்றன. அக்காவிரியின் நீரே 2004 முதல் வீராணம் ஏரி வழியாகச் சென்னைக்கு வருகிறது.

புல்லை மீட்கும் வேலையை நான் அங்கே பார்த்தேன். மரத்தை வெட்டினால் தீர்ந்தது என்று எண்ணியிருந்த எனக்கு, வெட்டுவது ஆரம்பம் மாத்திரமே என்று கற்பித்தார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் விலகி வெயில் பட்டதும் ஆயிரம் ஆயிரமாக முளைக்கும். அம்முளைகளை வருஷந்தோறும் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில், எஞ்சிய புல்வெளியில் விதை சேகரித்து நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர்ப் புல்லைத் தூர் தூராக நட வேண்டும். முதிர்ந்த சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகத் தலைதூக்கியிருக்குமானால், அங்கே அவசரப்பட்டு வெட்டாமல் விட்டுவிடவும் தெரிய வேண்டும். இந்த விவேகமெல்லாம் ஒருவரிடத்தில் பிறந்ததன்று. 1877இல் வேட்டைக்காரர்களின் சங்கமாகத் தோன்றி இன்று காட்டுயிர் காக்கும் ஸ்தாபனமாக மாறிநிற்கும் நீலகிரிச் சங்கமும், வரையாட்டை 1975இலேயே சிரத்தையோடு கணக்கெடுத்து எழுதிய ஈ.ஆர்.சி. டேவிதாரும், கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நிறுவிச் சோலைக்கும் புல்லுக்கும் நாற்றங்கால் வைத்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதியரும், நீலகிரியில் இன்று புல் வளர்க்கும் வசந்த் பாஸ்கோவும் ஆளுக்கொரு கை மண் சேர்த்ததே அது. தமிழக அரசும் 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, அதே வருஷத்தில் வரையாட்டுக்கென்றும் தனித்திட்டம் அறிவித்தது. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் தேதி வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகளும், மறு வருஷம் 1,303உம் காணப்பட்டன.

அங்கே களையெடுப்போரோடு வந்திருந்த தோடர் குலத்து மூதாட்டியிடம், "இந்தப் புல்லெல்லாம் உங்களுக்குப் பார்த்தவுடன் அடையாளம் தெரியுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்குதுங்க. எருமை தின்கிறது வேற, கோயில் மேயறது வேற. சதுப்புல வளர்ற அவ்ஃபுல் இருந்தாத்தான் எங்க கோயிலுக்குக் கூரை. சீகை வந்து சதுப்பு காஞ்சா அந்தப் புல்லுக்கு எங்கே போறது?" என்றார்.

பெயரிட்டு அழைத்தவர்களுக்குக் கோயிற்கூரையாக இருந்த ஒன்றைப் பெயரறியாதவர்கள் தரிசு என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லில் தொடங்கியதே என் தகப்பனாரின் பட்டை. என் தேடல் அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்து ஊர் திரும்பினேன். ஆனால் மணலியில் ரயிலடிப் பக்கம் சீமைக்கருவேலம் அடர்ந்த ஒரு வெளியைக் கடந்தபோது, என் பாட்டி அங்கேதான் மாடு ஓட்டிக்கொண்டு போவாள் என்பதும், ஆலைகள் வருமுன் அது கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்றிருந்ததும் நினைவுக்கு வந்தன. அந்த வெளியில் விளைந்த புற்களின் பெயரைச் சொல்ல எங்கள் தெருவில் இன்று ஒருவரும் இல்லை.

தோல் தொழிலை நான் நிந்திக்கவில்லை. அதன் உப்பைத் தின்று வளர்ந்தவன் நான். தின்றவனுக்குக் கடன் உண்டு என்று மட்டும் அறிகிறேன். அதனால் வருஷத்துக்கு ஒரு வாரம் அம்மலைக்குப் போய், சொன்ன இடத்தில் குனிந்து சீகை முளைகளைப் பிடுங்கிவிட்டு வருகிறேன். அங்கே வேலை மிகுதி, ஆள் குறைவு. காவிரி நீர் அருந்தும் சென்னைவாசிகளில் மனமுள்ளவர்கள் வரவேண்டும்.