கோவளத்தில் குளித்த சாவி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், முட்டுக்காட்டு உப்பங்கழிப் பாலத்தைத் தாண்டியதும் கோவளம் வந்துவிடுகிறது. மாதாகோயில், தர்க்கா, மீனவர் குப்பம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. 1752-இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கோட்டை இங்கேதான் இருந்தது. இப்போது ஜனங்கள் வருவது கோட்டைக்காக அல்ல, அலைக்காக! குப்பத்துப் பிள்ளைகள் பலகைமேல் நின்று அலையின் முதுகில் சவாரி செய்கிறார்கள். வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நானும் கற்றுக்கொள்ளப் போனேன். என் வயது ஐம்பத்திரண்டு. நான் மறைத்தாலும் என் மனைவி சொல்லிவிடுவாள்.

அலைச் சறுக்குக்கு விடியற்காலைதான் நல்ல வேளை. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். புறப்படும்போதே இன்ஸுலின் போட்டுக்கொண்டவள், "எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்டா" என்று சொல்லிவிட்டாள். இட்லித் தூக்கு காருக்குள் இருந்தது. கார் பூட்டியிருந்தது. சாவி என் கால்சட்டைப் பையில், பாலிதீன் உறைக்குள், இரண்டு ரப்பர் பாண்டு போட்டுப் பத்திரமாக இருந்தது.

"சாவியை என்னிடம் கொடேன்" என்றாள் அம்மா.

"நீ எங்கேயாவது வைத்து மறந்துவிடுவாய், அம்மா" என்றேன்.

ஏழு முறை விழுந்தேன். எட்டாவது முறை கரையைப் பார்த்தபோது மனைவி இரண்டு கைகளையும் வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓடினேன். அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, விரல்கள் நடுங்கின. பக்கத்தில் ஒரு கடையும் திறக்கவில்லை. சாவியை எடுத்தேன். உறைக்குள் அரை அவுன்ஸ் வங்காள விரிகுடா! பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். கார் கல்லாய் நின்றது.

பலகை சொல்லிக் கொடுத்த பையன் ஓடி வந்தான். "அழுத்தாதீங்க சார்!" என்று சாவியை வாங்கி, பக்கவாட்டில் இருந்த சிறு தாழை நெம்பினான். உள்ளேயிருந்து ஓர் இரும்புச் சாவி வந்தது. மூன்று வருஷமாய் என் பையில் இருந்தும் நான் அறியாத சாவி! கதவு திறந்தது. திருடன் வந்துவிட்டதாக எண்ணிக் கார் ஊரைக் கூட்டியது. கூட்டட்டும்! இட்லிக்கு வைத்திருந்த சர்க்கரை அம்மாவின் வாய்க்குள் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கால் மணியில் அம்மா தெளிந்தாள். பையன் சாவியைப் பிரித்து, பட்டன் பாட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயும். பாட்டரி இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் நுண்கம்பிகள் அரித்துப் போகுமாம். பிறகு செத்த சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடிக்கச் சொன்னான். சாவிக்குள் இருக்கும் சில்லுக்குப் பாட்டரி தேவையில்லை. காரே அதற்கு உயிர் கொடுக்கும். என்ஜின் உறுமியது!

"தனியா வர்றவங்க என்னப்பா செய்வாங்க?" என்று கேட்டேன்.

"வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டற பை இருக்கு சார். மூணு சுருட்டாவது சுருட்டணும். முதல்லே உள்ளே காகிதத்தைப் போட்டு, வீட்டு வாளியிலே அரை மணி அமுக்கி வச்சுப் பாருங்க. காகிதம் நனையலேன்னா சாவியைப் போடலாம். டயருக்கு அடியிலே மட்டும் ஒளிக்காதீங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். அதோட, இந்த மாதிரிச் சாவி கார் பக்கத்திலே இருந்தாலே கதவு யாருக்கும் திறந்துக்கும்" என்றான். கொஞ்சம் தயங்கி, "கரையிலே நம்ம ஆள் இருந்தா இது ஒண்ணும் வேணாம் சார்" என்று சேர்த்தான்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் பீரோச் சாவியை இடுப்பில் செருகி, ஒரு நாளும் தொலைக்காதவள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கோவளம் போனோம். வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டாள் அம்மா. நானும் ஒரு கணம் பலகைமேல் நின்றுவிட்டேன். சாவியா? அது அம்மாவின் முந்தானை முடிச்சில் சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.